முகம் வேண்டாம், பாதம் போதும்

இந்த வேலையில் ஊசி போடும்போது என் கை நடுங்கியதில்லை. போட்டோ எடுக்கும்போது நடுங்கியிருக்கிறது. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தங்கைகள் இதைப் படித்துச் சிரிக்கலாம். உங்களுக்குப் போன் ஆறாவது விரல். எனக்கு அப்படி இல்லை. அது கைக்கு வந்தபோது எனக்குத் தலை பாதி நரைத்திருந்தது.

ஜவ்வாது மலையில் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். என் பொறுப்பில் உள்ள ஊர்களில் பாதிக்குப் பஸ் போகாது. டாக்டர் இருப்பது ஆரம்ப சுகாதார நிலையத்தில். காடு மேடு ஏறி நான் பார்க்கிற புண்ணையும் தடிப்பையும் அவர் பார்க்க வேண்டுமென்றால் போட்டோ ஒன்றுதான் வழி. நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. என் தங்கை கல்யாணத்தில் கேமராக்காரர் "சிரிங்க" என்று சொன்னதற்கே எனக்கு வியர்த்துவிட்டது. அப்படிப்பட்டவள் கையில் கேமராவைக் கொடுத்தால் என்ன ஆகும்?

1. புண்ணா, புளி உருண்டையா?

முதல் நாள் நான் அனுப்பியது ஒரு பெரியவர் காலில் இருந்த புண். டாக்டர் உடனே கூப்பிட்டார். சின்ன வயசுப் பெண், வேலூர்ப் பக்கத்துக்காரர், பட்டென்று பேசுவார்.

"இன்னா சிஸ்டர் இது? புண்ணா, புளி உருண்டையா?"

"புண்ணுதாங்க டாக்டர்."

"எனக்கு எப்டித் தெரியும்? வெரல் எங்க, குதிகால் எங்க? வீட்ட விட்டு வெளிய இட்டுனு வந்து எடுங்க. மொதல்ல லென்ஸைத் தொடைங்க. தேங்கா எண்ணெ கையோட தொட்டா எல்லாம் பனிமூட்டமாத்தான் தெரியும்."

அன்றைக்கு ஆரம்பித்த பாடம். திட்டு வாங்கி வாங்கிக் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு தடவையும் புடவைத் தலைப்பால் லென்ஸைத் துடைப்பது. வெளிச்சம் என் முதுகுப் பக்கம் இருக்கும்படி நிற்பது. இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்குவது. ஜூம் பண்ணாமல் நாமே கிட்டே போவது. முதலில் எந்த இடம் என்று தெரிகிற மாதிரி தள்ளி நின்று ஒன்று, பிறகு கிட்டத்தில் ஒன்று. ஈரப் புண்ணுக்கு ஃபிளாஷ் போடவே கூடாது, வெள்ளையாய்ப் பளபளத்து உள்ளே இருப்பதை மறைத்துவிடும்.

பழகுவதற்காகக் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தேன். ஜமுனாமரத்தூர் சந்தையில் குவித்திருந்த சீத்தாப்பழம், சாமைக் கதிர், பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆடு, செருப்போடு என் கால். நாளாக ஆக ஆசை வந்துவிட்டது. மேகம் மூடிய நாளில் எடுத்த படம் வெயிலில் எடுத்ததைவிட நன்றாக இருக்கிறது என்பதை நானாகவே கண்டுபிடித்தேன். அன்றைக்கு என்னமோ நானே கேமராவைக் கண்டுபிடித்த மாதிரி ஒரு மிதப்பு.

ஆனாலும் அனுப்பு பட்டனை அமுக்கும் முன் பயத்தில் படத்தை இன்னொரு தடவை திறந்து பார்ப்பேன். டாக்டர் பார்ப்பது உடம்பை இல்லை, நான் எடுத்த படத்தை. படம் பொய் சொன்னால் மருந்தும் பொய்யாகிவிடும். அந்தப் பயம் எதற்கு என்று எனக்கே நன்றாகப் புரிந்தது ஒரு புயல் மழையின்போதுதான்.

2. நல்ல குழந்தை, அழவே அழாது

ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர். பேரை விட்டுவிடுகிறேன். அங்கே சத்யா என்ற பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்து, மழைக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்துவிட்டாள். பிறகு வானம் பிளந்துகொண்டது. சாலையில் மரம் சாய்ந்தது, கரண்ட் போனது, ஓடை ஆறாகிவிட்டது. போன மழைக்கு ஒரு ஜோடி மாட்டை அடித்துக்கொண்டு போன ஓடை அது.

குழந்தை பிறந்த நாலாம் நாள் மதியத்துக்கு மேல் சத்யாவின் கணவன் பிரகாஷ் கூப்பிட்டான். அந்த ஊரில் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. ஊருக்குப் பின்னால் ஒரு பாறை இருக்கிறது, அதன் மேல் ஏறினால்தான் பேச முடியும். காற்றும் மழையும் போட்ட இரைச்சலுக்கு நடுவே கத்தினான்.

"சிஸ்டர், பாப்பா சூப்பரா கீது! அழுவறதே கெடையாது. எந்நேரமும் தூக்கந்தான்."

"பால் குடிக்குதா?"

"எழுப்பினா ரெண்டு வாய் குடிக்கும், திரும்பத் தூங்கிடும். ரொம்ப நல்ல கொழந்த சிஸ்டர்!"

பெருமையாகத்தான் சொன்னான். நாலு நாள் குழந்தை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தால் அது நல்ல குணம் இல்லை. மஞ்சள் காமாலை ஏறியிருக்கலாம். பிறந்த குழந்தைகளுக்கு லேசாக மஞ்சள் வரும், தானாகப் போகும். அளவு மீறினால் மூளையைத் தொட்டுவிடும், அப்புறம் எதைச் செய்தும் திருப்ப முடியாது.

"நெறம் எப்டி கீது பிரகாஷ்? மஞ்சளா கீதா?"

"தெர்ல சிஸ்டர். உள்ள ஒரே இருட்டு. வெளக்கு வெச்சிக்கினுதான் கீறோம்."

டாக்டரைக் கூப்பிட்டேன். நான் சொன்னதையெல்லாம் ஒரு தடவை திருப்பிக் கேட்டுக்கொண்டார்.

"தூக்கம் ஜாஸ்தின்னா பயமாத்தான் இருக்கு சிஸ்டர். ஆனா லேசான மஞ்சளா இருந்து, நம்ம பேச்சக் கேட்டு நாலு நாள் கொழந்தைய அந்தத் தண்ணில எறக்கி, எதுனா ஆச்சுன்னா? பாக்காம நா எப்டிச் சொல்ல? பகல் வெளிச்சத்துல ஒரு நல்ல போட்டோ வாங்குங்க. இருட்டறதுக்குள்ள."

ஓடையில் இறக்கினாலும் பயம், இறக்காவிட்டாலும் பயம். நடுவில் ஒரு போட்டோ. அதையும் எடுக்கப்போவது நான் இல்லை, பிரகாஷ்.

3. மாவு பூசின கை

பிரகாஷைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவன், போனும் அங்கே வாங்கியதுதான். வெயிலில் கறுத்த பையன், ஆனால் அவன் ஸ்டேட்டஸில் வருகிற முகம் அப்போதுதான் பவுடர் டப்பாவிலிருந்து எடுத்த மாதிரி இருக்கும். ஊரில் எல்லாரும் கிண்டல் பண்ணுவார்கள், அவன் கவலைப்பட்டதில்லை.

நான் சொன்னதும் வீட்டுக்கு ஓடி, எடுத்துக்கொண்டு, திரும்பப் பாறை ஏறி அனுப்பினான். திறந்ததும், "அப்பாடா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். ரோஜாப்பூ நிறத்தில், கன்னம் மின்ன, குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மஞ்சளே இல்லை. கும்பிடுகிற தெய்வத்தையெல்லாம் நினைத்துக்கொண்டு டாக்டருக்கு அனுப்பப் போனேன்.

விரல் பட்டனுக்குக் கிட்டே போனபோதுதான் அந்தக் கையைப் பார்த்தேன். குழந்தையின் தலையைத் தாங்கிப் பிடித்திருந்த கை. பிரகாஷின் கைதான், கட்டைவிரல் நகம் பாதி இல்லாதது எனக்குத் தெரியும். மண்வெட்டி பிடித்துப் பிடித்துக் கறுத்துப்போன கை. படத்தில் அது கோதுமை மாவில் முக்கி எடுத்த மாதிரி வெள்ளையாக இருந்தது. குழந்தையின் கன்னத்தில் வைத்திருந்த மைப்பொட்டுகூடச் சாம்பல் நிறமாய்ப் போயிருந்தது.

அப்பன் கையையே இவ்வளவு வெளுப்பாக்குகிற போன், பிள்ளை உடம்பில் மஞ்சளை விட்டு வைக்குமா?

நல்லவேளை, அவன் இன்னும் பாறை மேல்தான் இருந்தான்.

"பிரகாஷ், மூஞ்ச வெளுப்பாக்குற அந்த பியூட்டி போட்டு எடுத்தியா?"

"அது எப்பவும் ஆன்லதான் சிஸ்டர் இருக்கும். கடைக்காரரு போட்டுக் குடுத்தது. எப்டி ஆஃப் பண்றதுன்னு தெர்ல."

எனக்கும் அவன் போனில் அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. மழையில், அறுந்து அறுந்து கேட்கிற லைனில், எந்தப் பட்டன் என்று தேடச் சொல்ல முடியுமா? "பரவால்ல, வாசலுக்குத் தூக்கினு வந்து வெளிச்சத்துல இன்னொண்ணு எடு" என்றேன்.

அவன் குரல் இறங்கிவிட்டது. "முடியாது சிஸ்டர். இதயே அவளுக்குத் தெரியாமதான் எடுத்தேன். அசந்து தூங்கினா. தெரிஞ்சா செத்துடுவா. பெரியவன் போட்டோ எடுத்த பொறவுதான் போனான்னு சொல்றா இல்ல?"

எனக்கு அது தெரியும். சத்யாவின் முதல் பிள்ளை. பெயர் வைக்கும் முன்னே பிரகாஷ் ஆசையாகப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டான். ஊரே பார்த்தது. அந்த வாரமே குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு நிமோனியா ஆகிப் போய்ச்சேர்ந்தது. நிமோனியாதான் காரணம் என்று நானும் சொன்னேன், டாக்டரும் சொன்னார். பிள்ளையைப் பறிகொடுத்தவள் காதில் எது ஏறும்? இந்தப் பக்கத்தில் குழந்தை முகத்தை வெளியாள் கண்ணில் காட்டாமல் வைத்திருப்பது வழக்கம்தான். சத்யாவுக்கு அது வழக்கம் இல்லை, உயிர்ப்பயம். மாசமாக இருந்தபோது ஸ்கேன் படத்தைக்கூட அவள் பார்க்க மறுத்தாள்.

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. என் பயத்துக்கும் அவள் பயத்துக்கும் என்ன பெரிய வித்தியாசம்? இரண்டும் அந்தக் குழந்தைக்காகத்தான்.

4. கதவுக்கு வெளியே இரண்டு கால்

மஞ்சள் காமாலை தலையில் ஆரம்பித்துக் கீழே இறங்கும். முதலில் முகம், பிறகு மார்பு, வயிறு, கடைசியில் உள்ளங்கால். உள்ளங்கால் வரை வந்துவிட்டதென்றால் ரொம்ப ஏறிவிட்டது என்று அர்த்தம். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது, நீங்களும் படித்திருப்பீர்கள். எனக்கு அது பாறை மேல் நின்றவனோடு பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்தில்தான் உறைத்தது. நான் எதற்கு முகத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்?

முகம் இல்லாவிட்டால் அந்த பியூட்டி கூத்தும் நடக்காது. என் போனிலேயே பார்த்திருக்கிறேன். ஆள் முகம் தெரிந்தால்தான் அது பவுடர் பூச ஆரம்பிக்கும். சீத்தாப்பழத்துக்குப் பூசினதில்லை.

பிரகாஷைப் பாறையிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, சத்யாவுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் பேசி அவன் போனுக்கு அனுப்பினேன். வீட்டில் போய்ப் போட்டுக் காட்டச் சொன்னேன். என்ன பேசினேன் என்பது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

"சத்யா, நா சிஸ்டர் பேசறேன். பாப்பா மூஞ்சி வேணாம். மூஞ்ச துணி போட்டு மூடிக்கோ, நீயே மடில வெச்சிக்கோ, உள்ளயே உக்காந்துக்கோ. கால் ரெண்டு மட்டும் கதவுக்கு வெளிய நீட்டு. உள்ளங்கால் மட்டும் எனக்குப் போதும். யார் கண்ணும் கால்ல படாது. பாத்ததும் அழிச்சிட்றேன். எனக்கு ரொம்ப பயமா கீதும்மா, அதாங் கேக்கறேன்."

பிரகாஷுக்குத் தனியாகச் சொன்னேன். அவன் திரும்பப் பாறை ஏறி வருவதற்குள் இருட்டிவிடும், தப்பாக எடுத்தால் மறுபடி எடுக்க வெளிச்சம் இருக்காது. அதனால் ஒவ்வொன்றையும் அவனைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். லென்ஸில் மழைத்தண்ணி இருக்கும், துடைக்கணும். காலுக்குக் கீழே, பிரசவத்துக்கு முன்னே நான் கொடுத்து வைத்திருந்த பஞ்சை விரிக்கணும், வெள்ளை எது என்று எனக்குத் தெரிய வேண்டும். பக்கத்தில் அவன் கட்டைவிரலை வைக்கணும். வானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று எடுக்கணும், ஃபிளாஷ் கூடாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மூணு நாலு எடுக்கணும்.

"கட்ட வெரலு எதுக்கு சிஸ்டர்?"

"உன் வெரல் கறுப்பா இருந்தாத்தான் போட்டோ நெஜம் சொல்லுதுன்னு நம்புவேன். ஓடு!"

அந்த நிலைமையிலும் சிரித்துவிட்டு ஓடினான்.

காத்திருந்த நேரத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை. சாலையில் சாய்ந்த மரத்தை அதற்குள் வெட்டி ஒதுக்கியிருந்தார்கள், ஆம்புலன்ஸ் டிரைவரிடம் சொல்லி அவர் வண்டியிலேயே ஏறி ஓடைக்கு இந்தக் கரை வரைக்கும் வந்துவிட்டேன். அங்கே அரைகுறையாகச் சிக்னல் இருந்தது. தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடியது. அதைப் பார்த்தால் குழந்தைக்கு ஒன்றும் இருக்கக்கூடாது என்று வேண்டத் தோன்றியது. போனைப் பார்த்தால், இருந்தால் சீக்கிரம் தெரிந்துவிட வேண்டும் என்று வேண்டத் தோன்றியது. டிரைவர் பேச்சுக் கொடுத்தார், என்ன கேட்டார் என்றே தெரியவில்லை.

படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. முதலாவதில் ஒரு மழைத்துளி, எல்லாம் கலங்கல். இரண்டாவதில் கை ஆடிவிட்டது. மூன்றாவது திறந்தது.

கதவு நிலைக்கு வெளியே, வெள்ளைப் பஞ்சின் மேல், இரண்டு சின்ன உள்ளங்கால். ஒவ்வொரு ரேகையும் தெரிந்தது. பக்கத்தில் நகம் போன கட்டைவிரல், அடுப்புக்கரி மாதிரி அதன் சொந்த நிறத்தில். பஞ்சு வெள்ளையாக இருந்தது. உள்ளங்கால் பச்சை மஞ்சளை நறுக்கி வைத்த மாதிரி இருந்தது.

இத்தனை வருஷத்தில் எனக்கு வந்த படங்களிலேயே நல்ல படம் அதுதான். அதைப் பார்த்து நான் அழுதேன்.

டாக்டருக்கு அனுப்பினேன். அனுப்பிய வேகத்தில் கூப்பிட்டார். "எறக்கச் சொல்லுங்க சிஸ்டர். இப்பவே."

5. அண்டா

அந்த ஊர் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்வேன். முடிவு தெரியும் வரைக்கும் ஆளுக்கொரு பேச்சு. முடிவு தெரிந்தபின் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கோயில் கூழ் காய்ச்சுகிற பெரிய அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதற்குள் கம்பளி போட்டு, குழந்தையை வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் பிடித்து, சுற்றி ஆறேழு பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். இருட்டிவிட்டதால் டிரைவர் வண்டி விளக்கை ஓடைமேல் திருப்பிவிட்டார். தண்ணீர் இடுப்பைத் தாண்டியது. சத்யாவை அக்கரையிலேயே இரு, தண்ணி வடிந்ததும் வா என்றார்கள். "பால் யாரு குடுப்பா?" என்று கேட்டுவிட்டு இறங்கிவிட்டாள். பிரகாஷ் ஒரு பக்கமும் அவள் அண்ணன் ஒரு பக்கமும் அவளைத் தாங்கிக்கொண்டார்கள். அவள் ஒரு கை அண்டாவின் விளிம்பைவிட்டு நகரவில்லை.

நடு ஓடையில் யாருக்கோ கால் வழுக்கி அண்டா ஒரு பக்கமாகச் சாய்ந்தது. என் உயிர் என்னிடம் இல்லை. ஒரு போட்டோவை நம்பி ஒரு குடும்பத்தையே தண்ணீரில் இறக்கியிருக்கிறேன். பஞ்சு பழுப்பாக இருந்திருந்தால்? வெளிச்சம் ஏமாற்றியிருந்தால்? கரையில் நின்று இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அண்டா நிமிர்ந்தது. குழந்தை என் கைக்கு வந்தது. வண்டிக்குள் வெள்ளை விளக்கடியில் துணியை விலக்கிக் கண்ணைத் திறந்து பார்த்தேன், வெள்ளை விழி மஞ்சள். படம் நிஜம்தான் சொல்லியிருந்தது.

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் நீல விளக்கின் அடியில் வைத்தார்கள். கண் கூசாமலிருக்க முகத்தில் பட்டை கட்டியிருந்தார்கள். சத்யா கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "இங்கயும் மூஞ்ச மூடித்தான் வெக்கிறாங்க, பாத்தீங்களா அக்கா?"

நாலைந்து நாளில் மஞ்சள் இறங்கியது. குழந்தை பசிக்கு வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டுச் சிரித்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான் அந்த வார்டில். அழிப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேனே, போனை எடுத்தேன். சத்யா தடுத்துவிட்டாள். "இருக்கட்டும்க்கா. கால்தான?"

6. ஜுரம் வரும் நாள்

ஒன்பதாம் மாத ஊசிக்குச் சத்யா குழந்தையோடு வந்தாள். ஊசி போட்டு முடித்ததும் குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்தாள்.

"அக்கா, ஒரு போட்டோ எடுங்க. மூஞ்சி தெரியிற மாரி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னிக்கி வேணாம் சத்யா. ஊசி போட்டுகீது, ராத்திரி ஜுரம் வரும். அடுத்த தடவ எடுக்கலாம்."

"ஜுரம் வந்தா மாத்தர குடுத்துட்றேன். பொறந்தப்ப எடுத்ததுல காலு மட்டுந்தான் கீது. நாளைக்கு இவ வளந்து, என் மூஞ்சி எங்கம்மான்னு கேட்டா, நா இன்னா சொல்ல?"

லென்ஸைத் துடைத்தேன். இரண்டு தடவை துடைத்தேன். போனைத் தூக்கியவள், இறக்கி வைத்துவிட்டு, குழந்தையின் கன்னத்தில் மைப்பொட்டு கலையாமல் இருக்கிறதா என்று பார்த்தேன். ஓரம் கொஞ்சம் அழிந்திருந்தது, என் விரலாலேயே சரிசெய்தேன். நிமோனியாதான் காரணம் என்று அவளுக்கு வகுப்பெடுத்தவள் நான்! முதல் படம் ஆடிப்போய்விட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று எடுத்தேன்.

அன்றிரவு நான் சரியாகத் தூங்கவில்லை. ஊசிக்கு ஜுரம் வரத்தான் வரும் என்று எத்தனை ஆயிரம் தாய்மாரிடம் சொல்லியிருப்பேன். அது என் காதில் ஏறவில்லை.

விடிந்ததும் போன் அடித்தது. பின்னால் காற்று இரைந்தது. பாறை மேலிருந்து பேசுகிறாள் என்று தெரிந்ததுமே எழுந்து நின்றுவிட்டேன்.

"இன்னாச்சு சத்யா?"

"ஒண்ணுல்லக்கா. ராத்திரி ஜுரம் வந்துது. மாத்தர குடுத்தேன், வுட்டுடிச்சு. இப்ப பால் குடிச்சிட்டு வெளாடுது." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஊசியாலதாங்க்கா வந்துது. போட்டோவால இல்ல. நீங்க பயந்துனு இருப்பீங்களேன்னுதான் போன் பண்ணேன்."

தங்கைகளே, வெளிச்சம், பஞ்சு, முழங்கை எல்லாம் பழகப் பழக வந்துவிடும். படத்தில் இருக்கிறவர் எதற்குப் பயப்படுகிறார் என்று முதலில் கேளுங்கள். அதற்கு இடம் விட்டு எடுங்கள். சத்யாவின் மகளுடைய பாதம் தெரிகிற படமும் முகம் தெரிகிற படமும் என் போனில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இப்போதும் புதுக் குழந்தை யாரையாவது எடுக்கும்போது கை நடுங்கினால், போனை இறக்கிவிட்டுத் தாயின் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.